கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பவர்

நேயர்களுக்கு வணக்கம்.

மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாக இருப்பவருக்கு மருத்துவம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வார்டில் வேறு யாரும் அறியாத ஒன்று அவருக்குத் தெரியும். நோயாளி நன்றாக இருந்தபோது எப்படிப் பேசினார், எப்படி நடந்தார், எவ்வளவு தூங்கினார் என்பதுதான் அது. செவிலியர்கள் ஷிப்டுக்கு ஷிப்டு மாறுவார்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் முதலில் உங்கள் கண்ணில்தான் படும்.

அதைச் சொல்லும் விதம் முக்கியம். "அம்மா ஒரு மாதிரி இருக்காங்க" என்றால் அது யாரையும் அசைக்காது. "10 மணி வரை தெளிவாகப் பேசினார், 11 மணியிலிருந்து மகனை அடையாளம் தெரியவில்லை, காலையிலிருந்து சிறுநீர் ஒரு முறைதான்" என்று சொல்லுங்கள். நேரமும் எண்ணிக்கையும் இருந்தால் உடனே வந்து பார்ப்பார்கள். இதற்காகவே ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வயதானவர்களுக்குத் திடீரென வரும் மனக்குழப்பத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கத்திக் கலாட்டா செய்பவரை எல்லோரும் கவனிப்பார்கள். பேசாமல் சுருண்டு கிடப்பவரை "அசதி, தூங்கட்டும்" என்று விட்டுவிடுவார்கள். அடியில் கிருமித் தொற்றோ, சிறுநீர் அடைப்போ, மலச்சிக்கலோ, புதிதாகத் தொடங்கிய மருந்தோ இருக்கலாம். மூக்குக்கண்ணாடியையும் காதுக் கருவியையும் வீட்டில் விட்டுவிட்டு வருவதும் குழப்பத்தைக் கூட்டும்.

மூச்சை எண்ணப் பழகுங்கள். நோயாளியிடம் சொல்லாமல், நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் பாருங்கள். சொன்னால் மூச்சின் போக்கு மாறிவிடும். ஓய்வாக இருக்கும் வயதுவந்தவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 25ஐத் தாண்டினால் காத்திருக்காமல் சொல்லுங்கள்.

சொல்லியும் யாரும் வரவில்லையா? செவிலியர், பொறுப்புச் செவிலியர், பணியில் உள்ள மருத்துவர், தலைமை மருத்துவர் என்று படிப்படியாகப் போங்கள். "எத்தனை மணிக்குள் பார்ப்பீர்கள்?" என்று கேட்டு, பதிலை அவர்கள் முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள். குரலை உயர்த்தினால் பேச்சு நோயாளியை விட்டு உங்கள் நடத்தைக்குத் திரும்பிவிடும். குடும்பத்தின் சார்பில் ஒருவரே பேசுவது நல்லது.

அன்பினால் செய்யும் தவறுகளும் உண்டு. அறுவை சிகிச்சைக்கு முன் வெறும் வயிறு என்று சொல்லியிருக்கும்போது, பாவமென்று ஊட்டும் இரண்டு வாய் சோறு, மயக்கத்தில் வாந்தியாகி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். டிரிப்பின் வேகத்தை நீங்களாகத் திருகாதீர்கள். சிறுநீர்ப் பை இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக்கூடாது. "சிறுநீர்க் குழாய் இன்னும் தேவையா?" என்று தினமும் கேளுங்கள், நாள் கூடக்கூடத் தொற்றும் கூடும்.

இனி மருந்து. சேர்க்கும்போதே கையில் பட்டியல் வேண்டும்: பெயர், அளவு, வேளை, கடைசியாகச் சாப்பிட்ட நேரம், ஒவ்வாமை. கண் சொட்டு மருந்து, தூக்க மாத்திரை, நாட்டு மருந்து எதையும் மறைக்காதீர்கள். வலிப்பு மருந்தும் ஸ்டீராய்டும் திடீரென நின்றால் ஆபத்து. பார்க்கின்சன் என்னும் நடுக்குவாத நோய்க்கான மாத்திரை ஒரு மணி நேரம் தவறினாலே உடல் இறுகிப்போகலாம்.

டிஸ்சார்ஜ் அன்று அவசரப்படாதீர்கள். எது தொடர்கிறது, எது நின்றது, எது புதிது என்று மூன்றாகப் பிரித்து எழுதி வாங்குங்கள். பழைய மாத்திரையும் புதியதும் வேறு வேறு கம்பெனிப் பெயரில் இருந்தாலும், உள்ளே மருந்து ஒன்றாகவே இருக்கலாம். இரண்டையும் விழுங்கி இரட்டிப்பு அளவாகிப் போவது அடிக்கடி நடக்கிறது. அட்டையில் சிறிய எழுத்தில் உள்ள மூலப்பெயரை, அதாவது உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை, புறப்படுவதற்கு முன் மருந்தாளுநரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள்.