கூட்டத்துக்கு நடுவுல யாரையும் தெரியாம: நம்ம கதைகள்ல நகரத் தனிமை

[திரை: சாயங்கால நேரத்து தில்லி, கன்னாட் பிளேஸ்]

சந்தர்னு ஒருத்தன் இங்க நடந்துட்டிருக்கான். தோளை இடிச்சுட்டுப் போற அளவுக்குக் கூட்டம். ஆனா அவனைப் பார்த்துத் தலையசைக்க ஒரு ஆள் இல்ல. இந்தியில கமலேஷ்வர் எழுதின 'கோயி ஹுயி திஷாயேங்' சிறுகதை இது. மனசு தாங்காம, ஒரு காலத்துல தன்னை நேசிச்ச இந்திரா வீட்டுக்குப் போறான். அவனுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காதுன்னு அவளுக்கு அத்துப்படி. டீ கலக்கும்போது அவ கேக்குறா: சர்க்கரை எவ்வளவு போடட்டும்? அவ்வளவுதான், ஆள் உடைஞ்சு போயிடுறான். அன்னைக்கு ராத்திரி, தூங்கிட்டிருக்கிற மனைவியை எழுப்பி, "என்னை அடையாளம் தெரியுதா?"ன்னு கேக்குறான்.

நகரத் தனிமையைப் பத்தி நான் படிச்ச கதைகள்ல என்னை ரொம்ப உலுக்கின இடம் அது. பக்கத்துல ஆள் படுத்திருக்கும்போதே அந்தக் கேள்வி வருது பாருங்க.

அப்போ, எல்லாருக்கும் எல்லாரையும் தெரிஞ்சிருக்கிற ஊருக்கே திரும்பிப் போயிடலாமா? அப்படிச் சொல்ற கதைகள் நிறைய இருக்கு. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஊருக்கு நம்மளைத் தெரியும்னா, சாதியும் சேர்த்துத்தான் தெரியும். அதுலேருந்து தப்பிச்சு வந்தவங்களுக்கு, யாரும் கண்டுக்காத நகரத் தெருதான் முதல் மூச்சு.

தெரிஞ்சவங்க இருந்தும் தனியா நிக்கலாம். அசோகமித்திரனோட 'தண்ணீர்' நாவல்ல, சென்னையில தண்ணிக்குக் குடத்தோட அலையுற ஒரு தெரு. அங்க இருக்கிற ஜமுனாங்கிற பொண்ணைப் பத்தி அந்தத் தெருவே பேசும், அவகிட்ட பேசத்தான் ஆள் கிடையாது. அதே தெருவுல இருக்கிற டீச்சரம்மா மட்டும் அறிவுரையோட நிறுத்திக்காம, தன் கல்யாண வாழ்க்கையோட கசப்பையும் மறைக்காம எடுத்து வைக்கிறா. ஜமுனா மறுபடி எழுந்து நிக்கிறது அதுக்கப்புறம்தான்.

[திரை: ஒரு அருவாமணை, பக்கத்துல காய்கறி]

கடல் தாண்டினா இந்தத் தனிமைக்குச் சத்தம்கூட இல்ல. அமெரிக்காவுல வளர்ந்த வங்காளி எழுத்தாளர் ஜும்பா லாஹிரியோட 1999 சிறுகதைத் தொகுப்புல திருமதி சென்னோட கதை வருது. கல்கத்தாவுலேருந்து கொண்டுவந்த அருவாமணையில, அமெரிக்க வீட்டுல உக்காந்து காய் நறுக்குறா. அவ ஊர்ல கல்யாணம்னா அக்கம்பக்கத்துப் பொண்ணுங்க எல்லாம் மொட்டை மாடியில வட்டமா உக்காந்து, ராத்திரி முழுக்க 50 கிலோ காய் நறுக்குவாங்களாம். அந்தப் பேச்சுச் சத்தத்துல தூக்கம் வராது. இங்க நிசப்தத்துல தூக்கம் வரல. தான் பார்த்துக்கிற 11 வயசுப் பையன் எலியட்கிட்ட கேக்குறா: நான் இப்போ கத்தினா யாராவது வருவாங்களா? அவன் யோசிச்சுச் சொல்றான்: ஃபோன் பண்ணலாம், ஆனா சத்தம் போடுறீங்கன்னு புகார் பண்ணவும் செய்யலாம்.

பையன் கொடூரமா பேசல. அவனுக்குத் தெரிஞ்ச உலகம் அது.

கடைசியா, எழுத்தாளர் சாம் செல்வன். டிரினிடாட்ல பிறந்தவர், அப்பா மதராஸ் பூர்வீகம். 1956-ல வந்த 'தி லோன்லி லண்டனர்ஸ்' நாவல்ல, கரீபியன்லேருந்து லண்டன் வந்த பசங்க ஞாயித்துக்கிழமை காலையில, அவங்களுக்கு முன்னாடியே வந்து சேர்ந்த மோசஸோட சின்ன அறையில வந்து குவியுறாங்க. பெரிய விஷயம் எதுவும் பேசறதில்ல. ஆனா அந்த அறை இல்லன்னா அவங்களுக்கு வாரமே ஓடாது.

அதே நாவல்ல டான்டின்னு ஒரு வயசான அம்மா வர்றாங்க. நகரத்தோட நடைமுறைக்கெல்லாம் அவங்க பணியல. தெருவுல இருக்கிற மளிகைக் கடைக்குப் போய், எங்க ஊர்ல கடனுக்குக் கொடுப்பாங்க, நீங்களும் கொடுங்க, வெள்ளிக்கிழமை பணம் வந்துடும்னு வாங்கிட்டு வந்துடுறாங்க. அந்த வட்டாரத்து ஜனங்களுக்கு அந்தக் கடையில கடன் கணக்கு தொடங்கினது அப்படித்தான்.