கார்டு மெஷினைத் துடைப்பது எப்படி?

நேயர்களுக்கு வணக்கம். கடைகளில் இருக்கும் கார்டு மெஷினையும் ஏடிஎம் விசைகளையும் பற்றி இன்று பேசுகிறேன்.

2014-ல் நியூயார்க் நகரின் மன்ஹாட்டன், புரூக்ளின், குயின்ஸ் பகுதிகளில் 66 ஏடிஎம் விசைப்பலகைகளை ஆய்வாளர்கள் பஞ்சுக்குச்சியால் துடைத்து டிஎன்ஏ பரிசோதனை செய்தார்கள். பெரும்பாலும் கிடைத்தவை நம் தோலில் இயல்பாக வாழும் நுண்ணுயிரிகள்தான். மீன், கோழி இறைச்சியின் தடயங்களும் இருந்தன. சாப்பிட்ட கையோடு வந்து எண்களை அழுத்தியிருப்பார்கள் போலும்.

டிஎன்ஏ கிடைத்துவிட்டால் கிருமி உயிரோடு இருக்கிறது என்று பொருளல்ல. அதை அறிய, துடைத்த பஞ்சை மெக்காங்கி ஊடகத்தில் (ஆய்வகத்தில் பாக்டீரியாவை வளர்க்கும் பொருள்) தேய்த்து 37 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் வைக்க வேண்டும். இளஞ்சிவப்புப் புள்ளிகள் முளைத்தால் குடல்வாழ் பாக்டீரியாவைச் சந்தேகிக்கலாம், ஈ.கோலைதானா என்பதற்கு மேலும் பரிசோதனை தேவை. காய்ச்சல் தரும் இன்ஃபுளுயன்சா வைரஸ் வழவழப்பான பிளாஸ்டிக்கில் ஒன்றிரண்டு நாள் தாங்கும். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா அதைவிட நெடுநாள் தாக்குப்பிடிக்கும்.

கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மெஷின் மீது நேரடியாக எதையும் பீய்ச்சி அடிக்காதீர்கள். பின் நம்பரைக் காக்க, உள்ளே ஒரு காவல் சுற்று இருக்கிறது. ஈரம் இறங்கி மின்கசிவு ஏற்பட்டால், யாரோ மெஷினைப் பிரிக்கிறார்கள் என்று அது எடுத்துக்கொண்டு ரகசியக் குறியீடுகளை அழித்துவிடக்கூடும். பிறகு மெஷினைச் சர்வீசுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

முதலில் சார்ஜரைக் கழற்றி மெஷினை அணையுங்கள். விசைகளின் இடுக்கிலுள்ள தூசியை உலர்ந்த மென்மையான பிரஷால் தட்டிவிடுங்கள். எண்ணெய்ப்பிசுக்கு இருந்தால், சோப்புத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் அதை எடுத்த பிறகே கிருமிநாசினி. பிசுக்குக்கு அடியில் இருக்கும் கிருமியை ஆல்கஹால் சரியாக எட்டாது. அடுத்து 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து, சொட்டாதபடி பிழிந்த மைக்ரோ ஃபைபர் துணியால் துடையுங்கள். விசைப்பரப்பு அரை நிமிடமாவது ஈரமாக இருக்கட்டும். 99 சதவீத ஆல்கஹால் இன்னும் நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. கிருமியின் புரதத்தைச் சிதைக்கத் தண்ணீரும் வேண்டும். தவிர, 99 சதவீதம் நொடியில் ஆவியாகிவிடும். பிளீச்சிங் பவுடர் கரைசல் வேண்டவே வேண்டாம்: ரப்பர் கெட்டுவிடும், எண்கள் மங்கும். கார்டு செருகும் இடுக்குக்குள் துணியை நுழைக்காதீர்கள்.

துடைத்த மறுநிமிடமே அடுத்த வாடிக்கையாளரின் விரல் அங்கே படும். ஆகவே கையைக் கழுவுவதைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் நோரோ வைரஸ் சானிடைசருக்கு எளிதில் மசியாது. சோப்புப் போட்டு 20 நொடி தேய்த்து, ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். பணம் எடுத்தபின் டீக்கடையில் வடையைத் தொடும் முன் இதைச் செய்யுங்கள்.

விசைகளைத் தொடாமலிருக்கவும் ஒரு வழி உண்டு: வைஃபை குறி போட்ட கார்டாக இருந்தால், 5,000 ரூபாய் வரை பின் நம்பர் அழுத்தாமலேயே மெஷினருகே காட்டிக் கட்டலாம். அந்த வசதி உங்கள் கார்டில் முடக்கப்பட்டிருந்தால், வங்கியின் செயலியிலேயே திறந்துகொள்ளலாம்.