கிரெனடா: கொடியிலேயே ஜாதிக்காய் இருக்கும் நாடு

வணக்கம் நண்பர்களே. கையில் இருப்பதை கேமராவுக்குக் கிட்டே கொண்டுவருகிறேன், பாருங்கள். மஞ்சள் பழம், பழுத்துத் தானாகவே வெடித்திருக்கிறது. உள்ளே பளபளக்கும் கருங்கொட்டை, அதைச் சுற்றி வலை பின்னியது போல ஒரு சிவப்புப் படலம். அந்தச் சிவப்புதான் ஜாதிபத்திரி. கொட்டையை உடைத்தால் ஜாதிக்காய். இத்தனை வருஷம் சமைத்தும், இரண்டும் ஒரே பழம் என்பதை இன்றுதான் கண்ணால் பார்க்கிறேன்!

இது கிரெனடா, கரீபியன் கடலில் உள்ள ஒரு சின்னத் தீவு நாடு. இங்குள்ளவர்கள் ‘கிரெனேடா’ என்கிறார்கள். ஸ்பெயினில் உள்ள கிரனாடா வேறு ஊர். டிக்கெட் போடும்போது இரண்டு முறை சரிபாருங்கள். கிரெனடா, காரியகூ, பெட்டி மார்ட்டினிக் என மூன்று தீவுகள் சேர்ந்து 344 சதுர கிலோமீட்டர்தான். பிரிட்டனிடமிருந்து 1974 பிப்ரவரி 7 அன்று விடுதலை பெற்றது. தலைநகரம் செயின்ட் ஜார்ஜஸ். ஆங்கிலம் போதும், வண்டிகள் இடப்பக்கம் ஓடுகின்றன. பணம் கிழக்குக் கரீபியன் டாலர். ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 என்று நிலையாக வைத்திருக்கிறார்கள்.

சரி, ஜாதிக்காய்க்கு வருகிறேன். நான் நிற்பது மேற்குக் கரையில் உள்ள குவாவ் என்ற மீனவர் ஊர். இங்கே ஜாதிக்காயைக் காயவைத்துத் தரம் பிரிக்கும் பழைய கூடம் இருக்கிறது. படியேறும்போதே வாசனை ஆளைத் தூக்குகிறது. ஒரு காலத்தில் உலக ஜாதிக்காய் விளைச்சலில் இந்தோனேசியாவுக்கு அடுத்த இடம் இந்தச் சின்ன நாட்டுக்கு. 2004 செப்டம்பரில் ஐவன் புயல் அடித்து, பெரும்பாலான மரங்களைச் சாய்த்துவிட்டது. வைத்த கன்று காய்க்கப் பல வருஷம் ஆகும். அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் வேறு வேலைக்குப் போய்விட்டன. இதைக் கேட்டபோது மனசு கனத்துப் போனது. 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் காரியகூவை நொறுக்கியது. புயல் காலம் ஜூன் முதல் நவம்பர் வரை. அதனால் ஜனவரி முதல் மே வரை வாருங்கள்.

இன்னொன்று, ராணுவ உடை மாதிரிப் பச்சைத் திட்டு போட்ட சட்டை, பை எதையும் கொண்டுவராதீர்கள். இங்கே அதற்குச் சட்டப்படி தடை.

அப்புறம், சாப்பாடு. ‘ஆயில் டவுன்’ என்பது இவர்களின் தேசிய உணவு. கறிப்பலா, உப்புக்கண்டம், கீரை எல்லாவற்றையும் மஞ்சள் போட்ட தேங்காய்ப்பாலில், பால் முழுக்கச் சுண்டி அடியில் எண்ணெய் நிற்கும்வரை வேகவிடுகிறார்கள். ஒரு பெரிய பானை இப்போது என் பின்னால் கொதிக்கிறது. வாருங்கள், மூடியைத் திறக்கப்போகிறார்கள்.