மூச்சை விட முடியாதவருக்கு ஒரு மாஸ்க்

நேயர்களுக்கு வணக்கம்.

வானொலியில் பேசுவதில் ஒரு வசதி, கேட்கிறவர்களை இருந்த இடத்திலேயே ஒரு சின்ன காரியம் செய்யச் சொல்லலாம். மூச்சை நன்றாக உள்ளே இழுங்கள். அதில் கால்வாசியை மட்டும் வெளியே விட்டுவிட்டு, மறுபடி இழுங்கள். இன்னொரு முறை அதே மாதிரி. இழுப்பு உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம், உங்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். மற்றவர்களுக்கு மூன்று நான்கு முறைக்குள் மார்பு இதற்கு மேல் விரிய மறுக்கும், கழுத்துத் தசையெல்லாம் இறுகும். சரி, இப்போது முழுக்க விட்டுவிடுங்கள். கடும் ஆஸ்துமாவில் தவிக்கிறவரால் அப்படி விட முடிவதில்லை.

"மூச்சு உள்ளேயே போக மாட்டேங்குது" என்றுதான் நோயாளி சொல்வார். ஆனால் முதல் சிக்கல் வெளியே விடுவதில்தான். மூச்சுக்குழாயைச் சுற்றியிருக்கும் தசை இறுகிவிடுகிறது. உட்சுவர் வீங்குகிறது, கெட்டிச் சளி வேறு அடைக்கிறது. இழுக்கும்போது குழாய் சற்று விரிவதால் காற்று எப்படியோ உள்ளே போய்விடும். விடும்போது குழாய் இன்னும் குறுகும், முழுதும் வெளியேறுவதற்குள் அடுத்த மூச்சுக்கு நேரம் வந்துவிடும். இப்படியே காற்று உள்ளே தேங்கித் தேங்கி, அதற்கென்று ஓர் அழுத்தம் சேர்ந்துவிடுகிறது. அடுத்த மூச்சை இழுக்க வேண்டுமென்றால் தசைகள் முதலில் அந்த அழுத்தத்தைச் சமாளிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் காற்று நகரவே ஆரம்பிக்கும். நிமிடத்துக்கு முப்பது தடவை இந்த உழைப்பு என்றால் எந்தத் தசையும் ஒரு கட்டத்தில் தளர்ந்துதான் போகும்.

தளர்ச்சியை இரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும். தாக்குதலின் தொடக்கத்தில் வேகமாக மூச்சுவிடுவதால் இரத்தத்தில் கரியமில வாயு வழக்கத்தைவிடக் குறைவாக இருக்கும். தவித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அது 40-ஐ ஒட்டி, அதாவது 'நார்மல்' என்று வந்தால், நல்ல சேதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தசைகள் தோற்கத் தொடங்கிவிட்டன என்று பொருள். இன்னும் ஏறினால் நிலைமை மோசம்.

இந்த இடத்தில்தான் நான் பேச வந்த மாஸ்க் வருகிறது. தொண்டைக்குள் குழாய் செருகாமல், மூக்கையும் வாயையும் இறுக்கமாக மூடும் மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றைக் கொடுக்கும் முறை. பைபாப் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

ஏற்கெனவே காற்று நிரம்பித் திணறுகிறவருக்கு மேலும் காற்றைத் தள்ளுவதா என்று உங்களுக்குத் தோன்றினால் அது நியாயமான கேள்வி. மருத்துவர்களும் நெடுநாள் கேட்ட கேள்விதான். கருவி இரண்டு அழுத்தங்களைத் தருகிறது. மூச்சை விடும்போதும் நீடிக்கும் ஒரு மெல்லிய அழுத்தம், உள்ளே தேங்கிய காற்றின் அழுத்தத்துக்கு வெளியிலிருந்து ஈடுகொடுக்கிறது. இறுகிப்போன கதவை உள்ளிருந்து ஒருவர் இழுக்க, வெளியிலிருந்து இன்னொருவர் தள்ளிக்கொடுக்கிற மாதிரி. இரண்டாவது, மூச்சை இழுக்கும்போது மட்டும் கூடும் அழுத்தம், தசையின் வேலையில் ஒரு பங்கைத் தான் வாங்கிக்கொள்கிறது. அளவு மட்டும் மீறக் கூடாது. விடும் மூச்சுக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் நீர் அழுத்தம், இழுக்கும் மூச்சுக்கு 8 அல்லது 10 என்று தாழ்வாகவே தொடங்கி, ஆளைப் பார்த்துப் பார்த்துத்தான் கூட்டுவார்கள். கூடிப்போனால் தேங்கல் இன்னும் அதிகமாகிவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மாஸ்க் ஆஸ்துமாவைக் குணப்படுத்தாது. வீக்கத்தைக் குறைப்பது ஸ்டீராய்டு, அது வேலை செய்யச் சில மணி நேரம் ஆகும். மூச்சுக்குழாய்த் தசையின் இறுக்கத்தைத் தளர்த்துவது சால்புடமால், இப்ராட்ரோபியம். அவற்றுக்கு மசியாவிட்டால் இரத்தக்குழாய் வழியாக மக்னீசியம் சல்பேட். இந்த மருந்துகள் பிடிக்கும்வரை நோயாளி களைத்து விழாமல் தாங்குவதுதான் மாஸ்க்கின் வேலை. அதனால் மாஸ்க் போட்டிருக்கும்போதும் நெபுலைசர் நிற்காது, மாஸ்க்குக்குக் காற்று வரும் குழாயிலேயே இணைத்துக் கொடுக்கலாம்.

நேராக வென்டிலேட்டரில் வைத்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஆஸ்துமாவில் அது எளிய காரியமல்ல. தொண்டையில் குழாய் போவதே மூச்சுக்குழாயை இன்னும் இறுகச் செய்யக்கூடும். தேங்கிய காற்றின் மேல் இயந்திரமும் தள்ளும்போது இரத்த அழுத்தம் சட்டென்று விழலாம், நுரையீரல் கிழிந்து காற்று கசியலாம். தவிர்க்க முடிந்தால் தவிர்ப்பதே நல்லது. தவிர்க்க முடியாதபோது தள்ளிப்போடுவது அதைவிட ஆபத்து.

சரி, மாஸ்க்குக்கு ஆதாரம் எவ்வளவு? பெரும்பாலும் புகைப்பழக்கத்தால் வரும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் இந்த முறை உயிர் காக்கிறது என்பது நன்றாக நிரூபணமானது. ஆஸ்துமாவில் அப்படிச் சொல்ல முடியாது. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் 30 பேரைச் சரிபாதியாகப் பிரித்து, பாதிப் பேருக்கு அழுத்தம் ஏறக்குறைய இல்லாத பெயரளவு மாஸ்க் போட்டுப் பார்த்தார்கள். உண்மையான அழுத்தம் பெற்றவர்களுக்கு மூச்சின் அளவு கூடுதலாகத் தேறியது, வார்டில் சேர்க்க வேண்டியவர்களும் குறைந்தார்கள். ஆனால் 30 பேரை வைத்து உலகத்துக்கே விதி எழுத முடியாது. 2017-இல் ஐரோப்பிய, அமெரிக்க நுரையீரல் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், ஆஸ்துமாவுக்கு இதைப் பரிந்துரைக்கவும் இல்லை, வேண்டாமென்று சொல்லவும் இல்லை. 2020-இல் அமெரிக்க மருத்துவமனைகளில் 50,000-க்கும் மேற்பட்ட ஆஸ்துமா நோயாளிகளின் பதிவுகளை அலசியபோது, மாஸ்க் பெற்றவர்களில் வென்டிலேட்டர் தேவையும் இறப்பும் குறைவாக இருந்தது தெரிந்தது. நம்பிக்கை தருகிற முடிவுதான். ஆனாலும் பழைய பதிவுகளைப் பார்ப்பது, ஆளைப் பிரித்துச் சோதிப்பதற்கு ஈடாகாது.

என் கருத்தைக் கேட்டால், சரியான ஆளுக்கு, பக்கத்தில் கண்கொத்திப் பாம்பாக ஒருவர் இருக்கும் இடத்தில், முயன்று பார்க்கலாம். நினைவு தெளிவாக இருக்க வேண்டும், சொல்வதைக் கேட்டு ஒத்துழைக்க வேண்டும். வாந்தி எடுப்பவருக்கும் மயங்குகிறவருக்கும் கூடாது. மாஸ்க்கைப் பிடுங்கி எறிகிறவருக்குத் தூக்க மருந்து கொடுத்து மாட்டுவது பெரும் தவறு. தொடங்கி ஓரிரு மணி நேரத்துக்குள் மூச்சின் வேகம் தணிய வேண்டும், நாடித்துடிப்பு இறங்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த கட்டத்துக்குப் போய்விட வேண்டும். 'இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்' என்று நேரம் கடத்துவதில்தான் உயிர் போகிறது.

உடனிருக்கும் உறவினர்களுக்கு ஒன்று. இவ்வளவு நேரம் தவித்தவர் திடீரென்று அடங்கிக் கண்ணை மூடினால், "பாவம், இப்பத்தான் தூங்குறாங்க, எழுப்பாதீங்க" என்று சொல்லாதீர்கள். அது தூக்கமாக இல்லாமல், கரியமில வாயு ஏறி வரும் மயக்கமாக இருக்கலாம். உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். வீசிங் சத்தம் நின்றுபோவதும் அப்படித்தான். சத்தம் எழுப்பக்கூடக் காற்று ஓடவில்லை என்று அர்த்தமாகலாம்.

அப்புறம், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதற்காகச் சிலர் வீட்டில் சிபாப் என்ற, மாஸ்க் வழியாக ஒரே அழுத்தத்தில் காற்றுத் தரும் கருவி வைத்திருக்கிறார்கள். ஆஸ்துமா தாக்கும்போது அதை மாட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லையென்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அது வரும்வரை உட்கார்ந்த நிலையில், நிவாரண இன்ஹேலரை, அதன் முனையில் பொருத்தும் ஸ்பேசர் குழலோடு, ஒவ்வொரு அழுத்தாக எடுத்துக்கொண்டே இருங்கள்.

வணக்கம்.