ஒரே மானி, மூன்று சேதி

தலைவர் அவர்களே, தாய்மார்களே, எஸ்.பி.எம். எழுதப்போகும் பிள்ளைகளே, வணக்கம். சுங்கை சிப்புட்டில் வாயு விதிகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சூத்திரம் பாடநூலிலேயே இருக்கிறது. நான் அழுத்தமானியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். டயரில் அது சொல்லும் சேதி வேறு, கேஸ் தோம்பில் வேறு, செம்பனை ஆலையில் வேறு.

டயரை முதலில் முடித்துவிடுவோம். உள்ளே வெறும் காற்று. 30 டிகிரியில் 220 கிலோபாஸ்கல் காட்டிய டயர், ஈப்போ வரை ஓடி 60 டிகிரிக்குச் சூடானால் 250ஐ எட்டிவிடும். கணக்குப் போடும்போது, டிகிரியைக் கெல்வினாக மாற்ற அதோடு 273ஐயும், மானி காட்டுவதோடு வளிமண்டல அழுத்தமான 101ஐயும் கூட்ட வேண்டும். பிள்ளைகள் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவது இங்கேதான்.

சரி, தோம்புக்கு வருவோம். மீதி எவ்வளவு என்று மானி வைத்துப் பார்க்க முடியுமா? முடியாது. உள்ளே இருப்பது பெரும்பாலும் திரவம். புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. திறந்த வெளியில் புரொப்பேன் −42 டிகிரியிலேயே கொதித்துவிடும். பியூட்டேன் 0க்குச் சற்றுக் கீழே. நம் ஊர் வெக்கையில் அவை திரவமாக இருப்பதே அழுத்தத்தின் புண்ணியம். அடுப்பைத் திறந்ததும் கொஞ்சம் ஆவி வெளியேறும். உடனே திரவத்தில் கொஞ்சம் ஆவியாகி அந்த இடத்தை நிரப்பும். ஆகத் திரவம் இருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான். புரொப்பேன் முந்திக்கொண்டு போவதால் முள் சற்று இறங்கும், அவ்வளவுதான். மீதியை அறியத் தராசுதான் வழி.

இன்னொன்று. திரவம் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். அதைத் தன்னிடமிருந்தும் தோம்பின் இரும்பிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. கல்யாண வீட்டில் பெரிய அடுப்பு எரியும்போது தோம்பின் கீழ்ப்பகுதி குளிர்ந்து வியர்ப்பதை அம்மாக்கள் பார்த்திருப்பீர்கள். வியர்வையின் மேல் விளிம்பு ஏறக்குறைய திரவத்தின் மட்டம்!

ஆலையில் சங்கதி இன்னும் சுவையானது. செம்பனைக் குலைகளை ஸ்டெரிலைசரில் நீராவியால் வேகவைக்கிறார்கள். பழம் குலையிலிருந்து கழல வேண்டும். எண்ணெயில் கொழுப்பு அமிலத்தைக் கூட்டும் நொதியும் அடங்க வேண்டும். மானி 3 பார் (ஒரு பார் என்பது 100 கிலோபாஸ்கல்) காட்டினால், வளிமண்டலத்தையும் சேர்த்து உள்ளே சுமார் 4 பார். சுத்தமான நீராவி என்றால் 143 டிகிரி இருக்கும். ஆனால் அதில் கால் பங்கு அழுத்தம் காற்றுடையது என்று வையுங்கள். முள் அதே 3இல்தான் நிற்கும். வாயுக் கலவையில் ஒவ்வொன்றும் தன் பங்கு அழுத்தத்தைத் தருகிறது என்று ஜான் டால்டன் 1801இல் சொன்னார். நீராவியின் பங்கு 3 பார்தான். வெப்பநிலையோ 133 டிகிரிதான். போதாக்குறைக்கு, பழத்தை ஒட்டி நிற்கும் காற்று, நீராவி அங்கே குளிர்ந்து நீராகி வெப்பத்தைக் கொடுப்பதையும் தடுக்கிறது.

அதனால்தான் நீராவியை உள்ளே விட்டதும் ஆலைக்காரர்கள் முதலில் காற்றை வெளியே தள்ளுகிறார்கள். அப்புறம்தான் அழுத்தத்தை ஏற்றுகிறார்கள்.