சிவப்புப் பொத்தான்

வணக்கம் நேயர்களே. போன மாரியில் ஒரு சனிக்கிழமை, இரவு பதினொரு மணி இருக்கும். கனடாவில், ஒன்ராறியோவின் லிண்ட்சே பக்கம் வீடு வாங்கிப் போன ஒரு தம்பி போன் எடுத்தார். "அண்ணை, சுடுதண்ணி வரேல்லை. ஹீற்றரிலை சிவப்புப் பொத்தான் ஒண்டு இருக்கு. அமத்தினால் கொஞ்ச நேரம் எரிஞ்சிட்டு நிக்குது. ஏழெட்டுத் தரம் அமத்திப் பாத்திட்டன்."

"இனி அதிலை கை வைக்காதேங்கோ. வீட்டிலை ஆருக்கும் தலையிடி இருக்கோ?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "பிள்ளையளுக்கு ரெண்டு நாளா இருக்கு. காய்ச்சல் வரப்போகுதெண்டு நினைச்சம்" என்றார்.

உடனே எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய், அங்கே நின்று 911ஐ அழைக்கச் சொன்னேன். தீயணைப்புப் படையினர் வந்து அளந்தார்கள். வீட்டுக்குள் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு இருந்தது. நல்ல காலம், ஒருவருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அந்த வாயுவைக் காட்டிக்கொடுக்கும் அலாரம் வீட்டில் இருந்ததுதான். பெட்டி பிரிக்காமல் குசினி லாச்சிக்குள் இருந்தது.

ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் இருக்கும்வரை நாங்கள் எண்ணெயைப் பற்றி யோசிப்பதில்லை. காஸ் குழாய் வாசலுக்கே வருகிறது. இப்போது வீட்டு விலை துரத்த, பீற்றர்பரோ, லிண்ட்சே என்று தள்ளிப் போகிறோம். காஸ் குழாய் போகாத ஒழுங்கைகளில் வீடு வாங்குகிறோம். பேஸ்மென்ற்றுக்குள் இறங்கினால் ஒரு மூலையில் எண்ணெய்த் தாங்கி, மறு மூலையில் எண்ணெயில் எரியும் சுடுதண்ணீர் ஹீற்றர். அது பழுதானால் புதிது வைக்க வேண்டும். அதைப் பற்றிக் கதைக்கத்தான் என்னை இன்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

முதலில் அந்தப் பொத்தான். ஊரில் பிறைமஸ் அடுப்பு மூட்டியவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். பிறைமஸில் கையால் காற்றடித்தோம். மண்ணெண்ணெய் சூடான குழாயில் ஆவியாகி ஊசித் துளையால் சீறி வந்தது. இங்கே மின்சாரப் பம்ப் ஒன்று சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல், அதற்கும் மேலான அழுத்தத்தில் எண்ணெயை ஒரு நொசில் வழியாகத் தள்ளுகிறது. எண்ணெய் பனிப்புகார்போல் சிதறி வரும். விசிறி காற்றைக் கலக்கும், மின்பொறி பற்றவைக்கும். சுவாலை தெரிகிறதா என்று ஒரு சின்ன ஒளிக்கண் பார்த்துக்கொண்டே இருக்கும். தெரியாவிட்டால், புதிய கருவிகளில் 15 செக்கனில், பழையவற்றில் 45 செக்கனில், எல்லாவற்றையும் நிறுத்திவிடும். அந்த நிறுத்தத்தை நீக்குவதற்குத்தான் சிவப்புப் பொத்தான்.

நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு முறையும் உள்ளே எண்ணெய் தெளிக்கிறது. எரியாத எண்ணெய் எரியறைக்குள் தேங்குகிறது. எட்டாவது முறையில் தற்செயலாகப் பற்றிக்கொண்டால், தேங்கியது எல்லாம் ஒரேயடியாக எரியும். புகைக்குழாய் கழன்று விழுந்து, வீடு முழுக்கக் கரி அப்பிய இடங்களைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை அழுத்தலாம். அதற்குப் பிறகும் நின்றால் ஆளைக் கூப்பிட வேண்டியதுதான்.

அந்தத் தம்பியின் வீட்டில் கண் பழுதில்லை. அதில் கரி படிந்திருந்தது. கரி ஏன் வந்தது? இங்கேதான் விசயம் இருக்கிறது. முன்பு அந்த வீட்டில், வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸும் எண்ணெயில்தான் எரிந்தது. இரண்டும் ஒரே செங்கல் புகைபோக்கிக்குள் போயின. பிறகு ஃபேர்னஸைக் கழற்றி, வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே கொண்டுவரும் ஹீற் பம்ப் போட்டார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தப் பெரிய புகைபோக்கியில் ஹீற்றர் தனித்துப் போய்விட்டது. கொஞ்சப் புகை, பெரிய துவாரம், கனடாக் குளிர். புகை மேலே போய்ச் சேருமுன்பே ஆறி, அதிலுள்ள நீராவியும் கந்தகமும் அமிலமாகிச் சுவரில் வடிகிறது. அது உள் ஓடுகளைத் தின்ன, துண்டு துண்டாக விழுந்து அடிப்பகுதி அடைபட்டுவிட்டது. புகை வெளியேற வழியில்லாமல் திரும்ப, சுவாலை ஒழுங்காக எரியாமல் கரி வந்தது. ஹீற்றரை மாற்றிய ஆள் புதியதைப் பளபளவென்று கொண்டுவந்து அதே புகைபோக்கியில் கொழுவிவிட்டுப் போயிருக்கிறார். துப்புரவு செய்யும் துவாரத்தில் ஒரு கண்ணாடியைப் பிடித்து மேலே பார்த்திருந்தால் போதும். வானம் தெரியாது என்பது தெரிந்திருக்கும். பிறகு நாங்கள் அதற்குள் அளவான துருப்பிடிக்காத உருக்குக் குழாய் ஒன்றை இறக்கினோம்.

ஹீற்றரை இறக்கிவைத்துக் குழாய் பூட்டுவது அரை நாள் வேலை. புகைபோக்கி, காற்று, அளவைகள் இவற்றுக்கு மற்ற அரை நாள். நாங்கள் விலை பேசிக் குறைக்கும்போது அந்த மற்ற அரை நாள்தான் குறைகிறது.

காற்றைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு லீற்றர் எண்ணெய் ஒழுங்காக எரிய 10 கன மீற்றருக்கு மேல் காற்று வேண்டும். பேஸ்மென்ற்றில் வாடகைக்கு விட அறை கட்டுகிறோம் அல்லவா, அப்போது ஹீற்றரை ஒரு சின்ன அறைக்குள் அடைத்துக் கதவும் போட்டுவிடுகிறோம். பத்தடிக்கு எட்டடி அறையின் முழுக் காற்றும் இரண்டு லீற்றருக்கே காணாது. புது யன்னல் போட்டு வீட்டை இறுக்கிவிட்டு, மேலே மீன் பொரிக்கும்போது குசினி விசிறியை முழு வேகத்தில் விட்டால், அது புகைபோக்கியால்கூடக் காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் காற்றோடு புகையும் வரும். அதனால் வைப்பவர் எல்லா விசிறிகளையும் துணி உலர்த்தியையும் ஓடவிட்டு, புகைபோக்கி புகையை மேலே இழுக்கும் இழுவையை அளக்க வேண்டும்.

சுவாலையைச் சரிசெய்வதும் கண்ணால் பார்த்துச் செய்கிற வேலை அல்ல. லாம்புச் சிம்னி கறுத்தால் அம்மா திரியை இறக்குவார். இங்கேயும் அதே கதைதான். கைப்பம்பால் பத்துத் தரம் புகையை ஒரு வெள்ளைக் கடதாசி வழியாக இழுத்துப் பார்ப்போம். கடதாசி வெள்ளையாகவே இருக்க வேண்டும். வைப்பவரிடம் அந்தக் கடதாசியைக் கேளுங்கள். அவர் முழித்தால் உங்களுக்கு விளங்கிவிடும்.

யார் வைக்கலாம்? ஒன்ராறியோவில் ஓ.பி.ரி. எனப்படும் எண்ணெய் பர்ணர் தொழில்நுட்பவியலாளர் சான்றிதழ் உள்ளவர், மாகாணத்தின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான ரி.எஸ்.எஸ்.ஏ.யில் பதிவு செய்த நிறுவனத்தின் மூலம் வைக்க வேண்டும். மச்சான் கெட்டிக்காரராக இருக்கலாம். ஊரில் கிணற்று மோட்டரைக் கழற்றிப் பூட்டியவராகவும் இருக்கலாம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனாலும் இதில் அவரைத் தேத்தண்ணியோடு மேலே இருத்திவிடுங்கள். எண்ணெய்க் கருவிகள் பத்து வருடத்துக்கு ஒருமுறையாவது முழுமையாகச் சோதிக்கப்படாவிட்டால், எண்ணெய் விற்பவர் உங்களுக்கு ஊற்றவே முடியாது. அந்தச் சோதனைப் பத்திரத்தை வீடு வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

தண்ணீர்ப் பக்கம் சுருக்கமாக. ஹீற்றரின் மேலே ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கும். வெப்பம் 99 பாகை செல்சியசைத் தொட்டாலோ அழுத்தம் 150 இறாத்தலைத் தாண்டினாலோ அது தானே திறக்கும். அதிலிருந்து கீழே வரும் குழாயின் நுனியில் மூடி, வால்வு எதுவும் இருக்கக் கூடாது. சொட்டுகிறது என்று மூடி போட்டு இறுக்கிய வீட்டுக்கும் போயிருக்கிறேன். சொட்டினால் திருத்த வேண்டும். அடைத்துவிட்டால், வெடிக்காமல் தடுக்கும் கடைசிக் காவல் போய்விடும். வெப்பத்தை 60 பாகையில் வையுங்கள். குறைத்தால் லீஜியோனெல்லா கிருமி வளர இடம் கிடைக்கும். ஆனால் 60 பாகைத் தண்ணீர் சில செக்கன்களில் பிள்ளையின் தோலை அவித்துவிடும். அதனால் குழாய்க்குப் போகுமுன் குளிர்தண்ணீரைச் சேர்க்கும் கலப்பு வால்வு ஒன்று போட்டு 49 பாகைக்கு இறக்க வேண்டும்.

அலாரத்தை லாச்சிக்குள் இருந்து எடுங்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை, சட்டமே சொல்கிறது. 2008 டிசம்பரில் வூட்ஸ்ரொக்கில் ஹோக்கின்ஸ் குடும்பத்தில் தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் என நால்வரும் அடைபட்ட புகைபோக்கியால் இறந்துபோனார்கள். அது எண்ணெய் அல்ல, காஸ் கணப்பு. அவர்களின் பெயரில்தான் 2013இல் ஒன்ராறியோ அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. படுக்கிற அறைகளுக்குப் பக்கத்தில் அலாரம் இருக்க வேண்டும்.

கடைசியாகத் தாங்கி. வழக்கமான தாங்கி 909 லீற்றர் பிடிக்கும். நிறைந்தால் முக்கால் தொன்னுக்கு மேல் பாரம். கால்கள் மண்ணில் புதையும் இடத்தில் வைத்தால் ஒருநாள் சரியும். அடியில் தேங்கும் தண்ணீர் உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும், வெளியே பெயின்ற் நன்றாகத்தான் இருக்கும். எண்ணெய் கொண்டுபோகும் செப்புக் குழாயை வெறுமையாகக் கொங்கிறீற்றுக்குள் புதைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். வீட்டுக்குள் எண்ணெய் கசிந்தால் பல காப்புறுதிகள் கை விரித்துவிடும். பத்திரத்தை வாசித்துப் பாருங்கள். எண்ணெயை முற்றாக விட்டு ஹீற் பம்புக்கோ மின்சாரத்துக்கோ மாறுகிறவர்கள், தாங்கியை எடுக்கும் அன்றே வெளிச்சுவரில் உள்ள ஊற்றும் குழாயையும் கழற்றிவிடுங்கள். தாங்கி இல்லாத வீட்டில் குழாய் மட்டும் நின்று, லொறிக்காரர் முகவரி மாறி வந்து, நூற்றுக்கணக்கான லீற்றரைப் பேஸ்மென்ற் நிலத்தில் ஊற்றிய சம்பவங்கள் உண்டு.

லொறிக்காரருக்கு உங்கள் தாங்கி கண்ணில் தெரியாது. அவர் காதால்தான் ஊற்றுகிறார். எண்ணெய் உள்ளே போகும்போது வெளியேறும் காற்று ஒரு விசிலை ஊதும். தாங்கி நிறைய விசில் நின்றுவிடும், அவரும் நிறுத்துவார். அடுத்த முறை லொறி வரும்போது ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வெளியே போய் நில்லுங்கள். ஊற்றத் தொடங்கியும் விசில் கேட்கவில்லை என்றால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.