நீங்க எந்த நாடு?

(மதுரையில் ஒரு வாசகர் கூட்டத்தில், சுதந்திர தினத்துக்கு முந்தைய மாலை பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, பின்வரிசையில் கதவுக்குப் பக்கமாக இடம் பிடித்திருக்கும் மாணவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'நாட்டை நினைத்துப் பெருமைப்படுகிறோமா?' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். 'ஆமாம்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். கைதட்டலும் கிடைக்கும், உங்களுக்கும் கடைசி பஸ் தப்பாது. ஆனால் பொன்னாடையைப் போர்த்திவிட்டார்கள், அதற்காவது பேச வேண்டும். இந்த மாதிரித் தலைப்பில் பேசுகிறவர்கள் ஊரையும் உறவையும் பற்றிய ஒரு பழம்பாட்டு வரியைச் சொல்லித்தான் தொடங்குவார்கள். பாவம், அந்த வரி எத்தனை மேடைதான் ஏறும்? இன்று அதற்கு விடுமுறை.

இந்தக் கேள்வியை உலகம் பூராவும் வீடு வீடாகப் போய்க் கேட்கிறார்கள். 1981இல் தொடங்கிய உலக விழுமிய ஆய்வு என்று ஒன்று. 'உங்கள் நாட்டவராக இருப்பதில் எவ்வளவு பெருமைப்படுகிறீர்கள்?' என்று கேட்டு நாலு பதில் வைத்திருப்பார்கள். மிகவும் பெருமை, ஓரளவு பெருமை, அவ்வளவாக இல்லை, அறவே இல்லை. நம் ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் தெரிந்ததுதான். அமெரிக்காவின் ப்யூ ஆய்வு மையம் 2021இல் இந்தியாவைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. ஏறத்தாழ 30,000 பேரிடம், 17 மொழிகளில் கேட்டிருக்கிறார்கள். இந்தியராக இருப்பதில் மிகவும் பெருமை என்று முஸ்லிம்களில் 95 சதவீதம் பேர் சொன்னார்கள். சீக்கியர்களிலும் அதே 95. டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு யாருக்கு நாட்டுப்பற்று உண்டு, யாருக்கு இல்லை என்று தராசு பிடிக்கிறவர்கள் அந்த எண்ணை ஒரு தடவை படிக்கலாம்.

ஜெர்மனியில் இதே மாதிரிக் கேட்டால் பதில் நெடுங்காலமாகவே சுரத்தில்லாமல்தான் வரும். அங்கே 1969இல் குடியரசுத் தலைவரான குஸ்தாவ் ஹைனமனிடம், 'நீங்கள் இந்த அரசை நேசிக்கிறீர்களா?' என்று கேட்டபோது, 'நான் அரசுகளை நேசிப்பதில்லை, என் மனைவியை நேசிக்கிறேன்' என்றாராம். நம் ஊரில் ஒரு கவுன்சிலர் இப்படிச் சொல்லிவிட்டு அடுத்த நாள் வீதியில் நடக்க முடியுமா? ஆனால் அதே ஜெர்மனியின் நடைபாதைகளில், ஹிட்லர் ஆட்சியில் பலியானவர்களின் நினைவாக, உள்ளங்கை அளவு பித்தளைத் தகடு பதித்த கற்கள் கிடக்கின்றன. 'இந்த வீட்டில் இன்னார் இருந்தார், இன்ன வருடம் பிடித்துக்கொண்டு போனார்கள், இன்ன இடத்தில் கொன்றார்கள்' என்று பொறித்திருக்கும். அண்டை நாடுகளையும் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேலான கற்கள். தன் பாட்டன் செய்த பாதகத்தைத் தன் வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறவனிடம் போய் 'பெருமையா?' என்று கேட்டால், கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வான். அந்த யோசனை குறைவான பற்று என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, ஊருக்கு வருவோம். நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவன். ஜூன் மாதம் வந்தால் வரலாறு கிடையாது, அட்மிஷன்தான். விண்ணப்பத்தில் 'தேசிய இனம்' என்று ஒரு கட்டம் இருக்கும். வேலையில் சேர்ந்த புதிதில், மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அப்பத்தா பேரனைச் சேர்க்க வந்தார். அவருக்குப் புரியட்டும் என்று நான் எளிமையாக, 'அப்பத்தா, நீங்க எந்த நாடு?' என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். 'இது தெரியலையா வாத்தியாரே? வெள்ளலூர் நாடு.'

பக்கத்து மேசை வாத்தியார் சிரித்துவிட்டார். நான் 'இந்தியன்' என்று எழுதிக்கொண்டேன். நான் எழுதியதிலும் தப்பில்லை, அப்பத்தா சொன்னதிலும் தப்பில்லை. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். இந்தப் பக்கத்தில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்த கூட்டு. அதற்கு அம்பலக்காரர்கள் உண்டு, நாட்டுக்கூட்டம் உண்டு, சாமி உண்டு, திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்ற சண்டையும் உண்டு. மேற்கே உசிலம்பட்டிப் பக்கம் போனால் எட்டு நாடு என்பார்கள். டில்லி நமக்குப் பெயர் வைப்பதற்கு முன்னாலேயே இங்கே நாடு இருந்தது.

2025 ஜனவரியில் அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று மேலூர் வட்டாரத்து மக்கள் திரண்டு மதுரைக்கு வந்தது உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். நாட்டுக்குத் தேவையான கனிமம் என்பது ஒரு பக்கம். எங்கள் நாட்டைத் தோண்டாதே என்பது மறுபக்கம். இரண்டு பக்கமும் ஒரே சொல்! அந்த மாதமே திட்டம் ரத்தானது. எது சின்ன நாடு, எது பெரிய நாடு, ஒன்றுக்காக மற்றதை விட்டுக்கொடுக்க வேண்டுமா என்பதெல்லாம் ஆய்வுக்காரர்களின் நாலு பதிலுக்குள் அடங்குமா?

அப்புறம், அந்த எட்டு நாட்டுப் பக்கத்திலேயே பெருங்காமநல்லூர் இருக்கிறது. உள்ளூர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று வகுப்பில் கேட்பேன். நாலைந்து கை தூக்கினால் அதிகம். வெள்ளைக்காரன் 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று போட்டான். ஒரு சாதியில் பிறந்தாலே குற்றவாளி. ஊர்க்காரர்கள் அதை ரேகைச் சட்டம் என்பார்கள். ஆண்கள் கைரேகை பதிய வேண்டும், ராத்திரியானால் போலீஸ் கண்ணெதிரே போய்ப் படுக்க வேண்டும். பெருங்காமநல்லூர் மறுத்தது. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி துப்பாக்கிச் சூடு. மாயக்காள் என்ற பெண்ணையும் சேர்த்து 16 பேர் செத்தார்கள்.

அவர்கள் இந்தியா என்ற தேசத்துக்காகவா செத்தார்கள்? நேர்மையாகச் சொன்னால், அந்தச் சொல் அன்றைக்கு அவர்கள் வாயில் வந்திருக்காது. 'என் பெருவிரல் என்னுடையது' என்பதற்காகச் செத்தார்கள். மதராஸ் மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிய 1947 ஆனது. இப்போது அந்த ஊர் நினைவுத்தூணுக்கு மாலை போடுகிறோம், தியாகிகள் என்கிறோம், பெருமைப்படுகிறோம். அன்றைக்கு அந்த ரேகை அவமானம். அவமானம் பொறுக்காமல்தான் அவர்கள் கைகளை மடக்கிக்கொண்டார்கள்.

இதைச் சொல்லும்போது எனக்கு மேலமாசி வீதி ஞாபகம் வரும். 1921 செப்டம்பரில் காந்தி சென்னையிலிருந்து ரயிலில் மதுரைக்கு வருகிறார். பெட்டியில் இருந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் அந்நியத் துணி உடுத்தியிருக்கிறார்கள். கதர் கட்டுங்கள் என்கிறார். 'நாங்கள் ஏழைகள், அந்த விலைக்குக் கதர் வாங்க முடியாது' என்று பதில் வருகிறது. இவர் உடம்பில் அப்போது தொப்பி, சட்டை, முழு வேட்டி. அவர்களிடம் துணியை எரி என்கிறோம், மாற்றுத் துணிக்கு அவர்கள் எங்கே போவார்கள் என்று உறைக்கிறது. 22ஆம் தேதி காலை, மேலமாசி வீதி வீட்டிலிருந்து அரைத்துண்டோடு வெளியே வந்தார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அப்போது அவர் கொடுத்த கெடு, குறைந்தது அக்டோபர் 31 வரைக்கும் என்பதுதான். ஐந்து வாரக் கணக்கு! அது கடைசி மூச்சு வரைக்கும் போய்விட்டது. அவர் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி இன்று நம் தமுக்கம் பக்கத்தில் காந்தி அருங்காட்சியகத்தில், ராணி மங்கம்மாள் அரண்மனையாக இருந்த கட்டடத்தில் இருக்கிறது. நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் அந்த இடத்துக்கு வந்ததும் சத்தம் தானாக அடங்கிவிடும்.

உலகத்தில் எங்கே இந்தியாவைப் படமாக வரைந்தாலும் அந்த அரைத்துண்டைத்தான் வரைகிறான். அந்த உடை நம் ஊரில் பிறந்தது என்று நானும் வெளியூர்க்காரர்களிடம் அடித்துவிட்டிருக்கிறேன். ஆனால் அது பெருமையில் பிறந்த உடை இல்லை. ரயில் பெட்டியில் ஒரு மனுஷனுக்கு முகம் சுருங்கிப்போனதில் பிறந்தது.

1939 ஜூலை 8ஆம் தேதியும் அப்படித்தான். அதுவரை சாதியின் பெயரால் வாசலிலேயே நிறுத்தப்பட்டிருந்த கக்கன் உள்ளிட்ட சிலரை வைத்தியநாத ஐயர் மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துக்கொண்டு போனார். கக்கன் பின்னாளில் இந்த மாநிலத்துக்கே உள்துறை அமைச்சர் ஆனவர், தும்பைப்பட்டிக்காரர். இன்று அந்தக் கோயில் கோபுரம் இல்லாமல் மதுரைக்கு ஒரு போஸ்டர் உண்டா? ஆனால் தெற்கு வாசலில் பூ விற்ற ஒரு அம்மா, தான் கட்டிய மாலை உள்ளே போய் சாமி கழுத்தில் விழ, தான் மட்டும் வாசலிலேயே நின்றிருந்தால், அவருக்கு எந்தக் கோபுரம் பெருமை? கோபுரம் பல நூறு வருடப் பழசு. அது எல்லோருக்கும் பெருமையாக ஆனதற்குத் தேதி இருக்கிறது.

தமிழில் இதற்கு வசதியாக இரண்டு வினை உண்டு. பெருமைப்படுவது ஒன்று, பெருமை அடிப்பது இன்னொன்று. காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு, அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. அடுத்த கூட்டுக் குஞ்சைப் பித்தளை என்று கரைகிறபோதுதான் தெருவில் கூச்சல். சினிமாக் கொட்டகைகளில் படத்துக்கு முன்னால் தேசிய கீதம் போட வேண்டும் என்று 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுந்திரிக்காதவனை மற்றவர்கள் முறைப்பதும் அடிக்கப் போவதும் அங்கங்கே நடந்தது. 2018 ஜனவரியில் கட்டாயம் இல்லை என்று அந்த நீதிமன்றமே மாற்றியது. பாட்டை நான் நின்றுதான் கேட்பேன், பழக்கம். ஆனால் பாப்கார்ன் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அடுத்தவன் முழங்காலைக் கண்காணிக்கிற பக்தி எனக்கு வரவில்லை.

இப்போது அந்த அட்மிஷன் விண்ணப்பக் கட்டத்துக்குத் திரும்புகிறேன். நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். நம் மாவட்டத்தில் ஆனையூர், திருமங்கலம் பக்கம் உச்சப்பட்டி, திருவாதவூர் என்று முகாம்கள் இருக்கின்றன. 1983க்குப் பிறகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடல் தாண்டி வந்தவர்கள். 2021இல் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். என் வகுப்பில் ஒரு பெண். பிறந்தது மதுரை பெரியாஸ்பத்திரியில். இலங்கையைப் பார்த்தது வரைபடத்தில். காலை வணக்கத்தில் தேசிய கீதத்தை மற்றவர்கள் முணுமுணுப்பார்கள், அவள் பாடுவாள். 'ஜய ஹே' என்று அவள் எடுத்தால் மைக் தேவைப்படாது. அவளுக்கு அந்தக் கட்டத்தில் 'இலங்கை அகதி' என்று எழுதியது இந்தக் கைதான்.

சட்டம் இதுதான்: 1987 ஜூலை 1க்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்திருந்தால் பிறப்பே போதும், குடியுரிமை உண்டு. அதற்குப் பின் என்றால் அப்பாவோ அம்மாவோ ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அப்பா அம்மா இருவருமே முகாம் என்றால் கதவு அடைப்பு. 2019 திருத்தத்தில் மூன்று நாடுகளிலிருந்து வந்த, முஸ்லிம் அல்லாதவர்களுக்கு வழி செய்தார்கள், இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் மட்டும் விடவில்லை. ஒத்தக்கடையில், யானைமலைக்குப் பக்கத்தில் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளைக்கு வந்தார். 2022இல் அவருக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பானது. 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் ஓட்டுப் போட்டார். விரல் மையோடு அவர் நின்ற படத்தைப் பத்திரிகையில் பார்த்தேன். நான் 'மிகவும் பெருமை'யில் டிக் அடிக்கிற ஆள்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் எத்தனையோ தேர்தலில் ஓட்டுப் போட்டிருக்கிறேன், ஒரு தடவைகூட என் விரலை நான் அப்படிப் பார்த்ததில்லை.

என் மாணவிக்கு அந்த வழியும் இல்லை. அவள் 1987க்குப் பின்னால் பிறந்தவள். இப்போது கல்யாணமாகி ஒரு மகன், இந்த ஜூனில்தான் பள்ளியில் சேர்த்திருக்கிறாள். நேற்று ராத்திரி போன் செய்தாள். நாளைக்குக் கொடியேற்றியதும் பள்ளியில் மாறுவேடப் போட்டியாம், பையனுக்குக் காந்தி வேஷம். 'வேட்டியை எவ்வளவு ஏத்திக் கட்டணும் சார், இடுப்புல நிக்க மாட்டேங்குது' என்றாள். முழங்காலுக்கு மேலே மடித்து, உள்ளே ஒரு நாடா வைத்து இறுக்கச் சொன்னேன். தடிக்குக் குடைக்கம்பு போதும் என்றேன்.

போனை வைக்கும் முன்னால் கேட்டேன். 'ஏம்மா, அட்மிஷன்ல அந்தக் கட்டத்துல என்ன எழுதினாங்க?'

'இன்னும் எழுதல சார். பென்சில்ல ஒரு வட்டம் போட்டு வச்சிருக்காங்க.'

நன்றி, வணக்கம்.